கரைக்கு இன்னும் ஒன்றரை டயர்

போன வாரம் ரஃபீக் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினான். நான் கடைசிவரை வேலை பார்த்த படகில் இப்போது கயிற்று வேலைக்குப் பெரிய ஆள் அவன்தான். பங்களாதேஷ்காரன். வீடியோவில் சுக்கான் அறை தெரிந்தது. சுக்கானுக்கு மேலே ஒரு டிவி மாட்டியிருக்கிறார்கள். அதில் நான்கு கட்டம். முன், பின், இடது, வலது என்று படகின் நாலா பக்கமும் கேமரா வைத்துவிட்டார்களாம். "தேக்கா பாய்? அப் சில்லானே கா காம் கலாஸ்" என்று பின்னால் அவன் குரல். இனிமேல் நாம் கத்துகிற வேலை முடிந்தது என்கிறான்.

அதோடு விட்டானா? புதிதாகச் சேர்ந்தவர்களில் இரண்டு பேர் தமிழ் ஆட்களாம். கேமரா இல்லாத காலத்தில் இவ்வளவு பெரிய படகை எப்படிக் கொண்டுவந்து கட்டினீர்கள் என்று அவனைக் குடைகிறார்களாம். அவன் பாஷை அவர்களுக்குப் பாதிதான் புரிகிறது, நீயே எழுதி அனுப்பு என்று என் தலையில் கட்டிவிட்டான். எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்று சொல்வதே பொய். நாலு வரி எழுதுவதற்குள் மூன்று முறை எழுந்து பால்கனிக்குப் போய்விட்டு வந்தாயிற்று.

அல் குசைஸில் மகள் வீட்டில் இருக்கிறேன். வேலையை விட்ட பிறகு இந்த உடம்புக்கு என்ன கேடு என்று தெரியவில்லை, ஓர் இடத்தில் தரிக்க மாட்டேன் என்கிறது. ஹாலிலிருந்து கிச்சன், கிச்சனிலிருந்து பால்கனி. "அப்பா, கொஞ்சம் உக்காருங்களேன், உங்களப் பாத்தா எனக்குத் தலை சுத்துது" என்கிறாள் மகள். பேத்தி அதற்கும் மேலே, "தாத்தா, ப்ளீஸ் ஸிட்" என்று கையைப் பிடித்து இழுக்கிறாள். காற்று வந்து பால்கனிக் கதவை அடித்தால் போதும், எந்தக் கயிறு தளர்ந்ததோ என்று எழுந்துவிடுகிறேன். பிறகுதான் இங்கே கயிறும் இல்லை, படகும் இல்லை என்று உறைக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேமரா வந்துவிட்டதே என்று ஒப்பாரி வைக்க நான் எழுதவில்லை. நல்லது, ரொம்ப நல்லது. இன்னும் முன்னாலேயே வந்து தொலைத்திருக்கக் கூடாதா என்றுதான் எனக்கு ஆத்திரம்.

எனக்கு ஊர் வேதாரண்யம் பக்கம். ஷார்ஜாவில் ஒரு பில்டிங் சைட்டில் கம்பி கட்டுகிற வேலைக்குத்தான் வந்தேன். ஊரில் கடலுக்குப் போன பழக்கம் இருந்ததால், துபாய் க்ரீக்கில் கயிறு தெரிந்த ஆள் வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கஃபீலிடம், அதாவது என் விசாவுக்குப் பொறுப்பான முதலாளியிடம், கெஞ்சிக் கூத்தாடி வேலையை மாற்றிக்கொண்டேன். டோ க்ரூஸ் என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள். பழைய மரச்சரக்குப் படகை இரண்டு தளம் வைத்து, கண்ணாடி போட்டு, சீரியல் பல்பு சுற்றி, ஓடுகிற ஓட்டலாக ஆக்கியிருப்பார்கள். சாயங்காலம் ஆட்களை ஏற்றி, க்ரீக்கில் மேலேயும் கீழேயும் ஒரு சுற்று. மேலே பிரியாணி, பாட்டு, டான்ஸ். கீழே நாங்கள்.

தம்பிகளா, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். படகை ஓட்டுவதைவிடக் கட்டுவதுதான் கஷ்டம். க்ரீக்கைப் பார்த்தால் ஆறு மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே வருவதும் போவதும் கடல்தான். ஏற்றத்தில் தண்ணீர் உள்ளே ஓடும், வற்றத்தில் வெளியே ஓடும். எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியாமல் கரையை நெருங்காதீர்கள். அணியம், அதாவது படகின் முன்பக்கம், ஓட்டத்துக்கு எதிரே இருக்க வேண்டும். ஓட்டத்தை முதுகில் வாங்கிக்கொண்டு வந்தால் எஞ்சினை நிறுத்தினாலும் படகு நிற்காது.

முதலில் போட வேண்டியது முன்கயிறும் இல்லை, பின்கயிறும் இல்லை. அணியத்திலிருந்து பின்னோக்கிப் போகிற குறுக்குக் கயிறு. அதைக் கரையில் இருக்கிற இரும்புக் குற்றியில் மாட்டிவிட்டு, எஞ்சினை மெல்ல முன்னால் கொடுத்து, சுக்கானைக் கரைக்கு எதிர்ப்பக்கம் ஒடித்தால், பின்பக்கம் தானாக வந்து கரையோடு ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு மற்ற கயிறுகள். ஏற்றம் நிறைந்திருக்கிற நேரத்தில் இழுத்து இறுக்கிக் கட்டிவிட்டு ரூமுக்குப் போய்த் தூங்காதீர்கள். தண்ணீர் வற்றும்போது படகு கயிற்றில் தொங்கும். கயிறு அறும், இல்லாவிட்டால் கட்டின கட்டை பிடுங்கிக்கொண்டு வரும். கயிற்று வளையத்துக்குள் எந்தக் காரணத்துக்காகவும் கையை விடாதீர்கள். கரைக்கு முதலில் போக வேண்டியது கயிறு, அப்புறம்தான் ஆள். ஹீரோ மாதிரி குதித்தவன் ஒருவன் கால் நசுங்கி ஊருக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது டயர் விஷயம். சுக்கான் அறை மேல்தளத்தில், பின்னால் இருக்கும். அங்கே நிற்கிறவருக்குப் படகின் வயிற்றுப் பக்கத்துக்கும் கரைக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று தெரியவே தெரியாது, கூரையும் பந்தலும் மறைக்கும். கீழே அணியத்தில் நிற்கிற கயிற்றுக்காரன்தான் சொல்ல வேண்டும். அடிக் கணக்கு, மீட்டர் கணக்கு எல்லாம் அந்த அவசரத்தில் ஆளுக்கு ஆள் வித்தியாசப்படும். படகின் இரண்டு பக்கமும் லாரி டயர் தொங்குகிறது அல்லவா? அதுதான் எங்கள் அளவுகோல். "மூணு டயர்... ரெண்டு டயர்... ஒன்றரை... டயர் தொட்டாச்சு!" இதைத்தான் கத்துவோம். ரஃபீக் வந்தால் அதையே ஹிந்தியில் கத்துவான். கயிற்றுக்காரன் குரலை வைத்துத்தான் கேப்டன் கரையைப் பார்ப்பார். க்ரீக்கில் எல்லாப் படகிலும் இதுதான் வழக்கம், யாரும் இதை விசேஷமாக நினைப்பதில்லை. அந்த வழக்கத்தால் வந்த வினையைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் கேப்டன் தூத்துக்குடிக்காரர். பெயர் சேசுராஜ். தூத்துக்குடியில் சரக்குத் தோணி ஓட்டுகிறவரைத் தண்டல் என்பார்கள். அவர் தோணியில் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய் வந்தவர் என்பதால் நாங்களும் தண்டல் என்றே கூப்பிட்டோம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர் இருப்பார். க்ரீக்கில் கேப்டன் என்றால் கத்துகிற ஆள் என்று அர்த்தம். இவர் கத்த மாட்டார். "கயித்த விடு" என்று உத்தரவு போட மாட்டார். "விடலாமா?" என்று கேட்பார். நான் "விடலாம்" என்றால்தான் எஞ்சினில் கை வைப்பார். புறப்படும் முன் ஒவ்வொரு கயிற்றையும் காலால் ஒரு மிதி மிதித்துப் பார்ப்பார். பிறகு கையில் இருக்கிற கிளாசில் கடைசி வாய் டீயைக் குடிக்காமல் தண்ணீரில் ஊற்றுவார். அந்தச் சிவப்பு எந்தப் பக்கம் நகர்கிறதோ அதுதான் ஓட்டம். பார்த்துவிட்டு, சுக்கானில் கட்டைவிரலால் சின்னதாக ஒரு சிலுவை போடுவார். அவ்வளவுதான் அவருடைய ஆர்ப்பாட்டம்.

எத்தனையோ வருஷம் அவரோடு ஒரு கீறல் விழாமல் கட்டியிருக்கிறேன். எனக்கு அவரைப் பிடிக்கும். அதை மறைக்க என்ன இருக்கிறது?

ஒருநாள் டீயை ஊற்றிவிட்டு, "எந்தப் பக்கமா போவுது?" என்று என்னைக் கேட்டார். நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். அடுத்த நாளும் கேட்டார். அதற்கு அடுத்த வாரமும். சுக்கானுக்கு இடது பக்கம் கிளாசை வைத்தால் கை தட்டிக் கவிழ்த்தது. சுக்கான் அறைக் கதவின் ஓரத்தில் தோளை இடித்துக்கொண்டார். "வயசாயிட்டு போவுது, வேற என்ன" என்று அவரே சிரித்தார். பிறகு ஒருநாள், "ஏல, டயர் மட்டும் சொல்லாத. பக்கத்துல என்ன வருதுன்னும் சேத்துச் சொல்லு. சத்தத்துல ஒண்ணும் வெளங்க மாட்டேங்கு" என்றார். மேலே பாட்டுச் சத்தம் காதைப் பிளக்கும், அதனால் நியாயமாகத்தான் பட்டது. நானும் சொல்ல ஆரம்பித்தேன். "இடது பக்கம் அப்ரா... வலது பக்கம் வாட்டர் பஸ்... பின்னால ஒருத்தன் ஓவர்டேக் பண்றான் தண்டல்." அப்ரா என்பது இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஆட்களை ஏற்றிப்போகிற திறந்த படகு. க்ரீக்கில் பகல் முழுக்க ஈ மாதிரி குறுக்கும் நெடுக்குமாகப் போய்க்கொண்டிருக்கும்.

இப்படியே க்ரீக் முழுவதும் என் வாய்க்குள் வந்துவிட்டது. எனக்கு அது தெரியவில்லை. தொண்டை கட்டினால் மிளகுப் பால் குடித்துவிட்டு மறுபடி கத்தினேன்.

தெரிந்தது எப்போது என்றால், என் லீவு வந்தபோது. மகளுக்குக் கல்யாணம். இதோ, உட்காரச் சொல்லி என்னைத் திட்டுகிறாளே, இவளுக்குத்தான். எனக்குப் பதிலாக அணியத்தில் ரஃபீக் நிற்பதாக ஏற்பாடு. நான் இருக்கும்போதே ஒருநாள் அவனை நிறுத்திப் பார்த்தேன். நல்ல கயிற்றுக்காரன், ஒரு குறை சொல்ல முடியாது. "தீன் டயர், தோ டயர், பஸ்", அதாவது மூன்று, இரண்டு, போதும் என்று வழக்கப்படி டயரை மட்டும் சொன்னான். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வலது பக்கம் ஒரு சரக்குப் படகு எங்களை ஒட்டி வந்தது. தண்டல் திரும்பவே இல்லை. அது எங்களைத் தாண்டி நேர் முன்னால் வந்த பிறகு திடுக்கிட்டு எஞ்சினைக் குறைத்தார். மேலே பிறந்தநாள் பாட்டு பாடிக்கொண்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. ஆபீசில் சொன்னால் அந்த மனுஷனை அன்றைக்கே இறக்கிவிடுவார்கள். சொல்லாமல் நான் கல்யாணத்துக்குப் போய்விட்டால் படகு நிறைய ஆட்களோடு யார் மேலாவது கொண்டுபோய் மோதுவார். பெண்ணுக்குப் புடவை எடுக்கவா, இதை யோசிக்கவா? பர் துபாயில் மீனா பஜாரில் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கி, எதையும் வாங்காமல் திரும்பி வந்தேன். மனைவி போனில், "என்னங்க, குரலே சரியில்ல?" என்றாள். நல்லாத்தான் இருக்கேன் என்று எரிந்து விழுந்தேன்.

கடைசியில் அவரிடமே கேட்டுவிடுவது என்று ஒரு வெள்ளிக்கிழமை காலை அவருடைய ரூமுக்குப் போனேன். அப்போது எங்கள் கேம்ப்பும் இதே அல் குசைஸில்தான் இருந்தது. மற்றவர்கள் துணி துவைக்கப் போயிருந்தார்கள். தண்டல் மீன் கழுவிக்கொண்டிருந்தார். சுற்றி வளைக்க எனக்கு வராது.

"தண்டல், உங்களுக்குக் கண்ணு தெரியுதா இல்லையா?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டு, ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு சின்னச் சொட்டு மருந்துப் புட்டியை எடுத்து என் கையில் வைத்தார்.

"போன லீவுல டாக்டர் சொல்லிட்டாரு. கண்ணுக்குள்ள அழுத்தமாம். நேரா உள்ளது தெரியும். ஓரம் கொஞ்சங் கொஞ்சமா அடைச்சிட்டு வருமாம். போனது போனதுதான், இருக்கத மருந்து காக்கும்னாரு."

"போன லீவுலயேவா? அப்ப லைசன்சுக்குக் கண்ணு டெஸ்ட்டுல எப்படிங்க பாஸ் பண்ணீங்க?"

"எழுத்த வாசிக்கச் சொன்னான். கடைசி வரி வரைக்கும் வாசிச்சேன். நேரா உள்ளதுதான் தெரியுதுன்னு சொல்லுதேன்லா." அவருக்குக் கோபம் வந்துவிட்டது. நான் அவரைக் கோபமாகப் பார்த்ததே அன்றுதான். "என்னய எறக்கி விட்டுட்டா நான் எங்க போய் நிக்க? தண்ணில இல்லாட்டி நான் என்ன மனுசன்ல? தலையத் திருப்பித் திருப்பிப் பாத்து நான் ஓட்டிக்கிடுதேன். ரெண்டு மாசம் நீ இல்லாட்டி படகு முங்கிரும்னு நெனைக்கியா?"

"முங்கிரும்னு சொல்லல. யாரையாவது முக்கிருவீங்கன்னு சொல்றேன்."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் மீன் சட்டியைத் தள்ளி வைத்தார்.

"சரி. வர்ற வாரம் படகு யார்டுக்குப் போவுதுலா? அடிப்பக்கம் பெயின்ட் அடிச்சித் திரும்பி வரும்போது காலி ஓட்டம். ஒரு பயணி கெடையாது. அன்னைக்கு நீ டயர் மட்டும் சொல்லு. பக்கத்துல என்ன வருதுன்னு வாயத் தொறக்காத. நான் கொண்டுவந்து கட்டுதேன். கட்டிட்டேன்னா, நீ பேசாம ஊருக்குப் போய்ப் பிள்ளையக் கட்டிக் குடுக்கணும். யார்ட்டயும் மூச்சு விடப்பிடாது."

"கட்ட முடியலன்னா?"

"அத அப்பப் பாப்போம்."

தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வேறு என்ன செய்வது? வாய்தான் ஒத்துக்கொண்டது. மனது ஒத்துக்கொள்ளவில்லை.

யார்டு ஜதாஃப் பக்கம், க்ரீக்கில் மேலே. எங்கள் படகு கட்டுகிற இடம் தேராக் கரையில். திரும்பி வந்த அன்று லீவுக்கு முன் எனக்குக் கடைசி நாள், மறுநாள் ஃப்ளைட். அன்று சாயங்காலமே ஏதோ ஒரு கம்பெனிக்காரர்கள் குடும்பத்தோடு மொத்தப் படகையும் புக் செய்திருந்தார்கள். அதனால் மத்தியானமே படகு வந்து சேர வேண்டும் என்று ஆபீசில் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஏற்றம் தொடங்கியிருந்தது. கடலை நோக்கிப் போகிறோம், தண்ணீர் எதிரே வருகிறது, கட்டுவதற்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. நான் அணியத்தில், ரஃபீக் பின்னால், தண்டல் மேலே. "விடலாமா?" என்று கேட்டார். "விடலாம்" என்றேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், நன்றாக ஓட்டினார். கோழி மாதிரித் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டே இருந்தார். பாலத்துத் தூண்களுக்கு நடுவே நூல் பிடித்த மாதிரிக் கொண்டுபோனார். எதிரே வந்த வாட்டர் பஸ்ஸுக்கு முன்கூட்டியே ஒதுங்கினார். ஒரு சரக்குப் படகு பக்கத்தில் வந்ததை எனக்கு முன்னாலேயே பார்த்து ஹாரன் அடித்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு வாயை மூடியிருந்தேன். ஆனால் நெஞ்சில் இருந்த கல் மெல்ல இறங்கியது. அட, நாம்தான் பயந்து செத்தோம், இவர் சமாளித்துவிடுவார் போலிருக்கிறதே என்று சந்தோஷப்பட ஆரம்பித்துவிட்டேன். மனைவிக்குப் போன் செய்து புடவை என்ன நிறம் என்று கேட்க வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

எங்கள் இடம் வந்தது. வலது பக்கம் இரண்டு படகுகளுக்கு நடுவே உள்ள சந்து. அதில் நுழைய வேண்டும். கேப்டன் எவனாக இருந்தாலும் அந்த நேரத்தில் சந்தையே உற்றுப் பார்க்க வேண்டும். தண்டலும் பார்த்தார். தலை திரும்புவது நின்றது.

இடது பக்கம், பர் துபாய் கரையிலிருந்து ஒரு அப்ரா வந்துகொண்டிருந்தது. நன்றாகத் தூரத்திலேயே தெரிந்தது. கண் இருக்கிற எவனுக்கும் தெரியும். பெரிய படகு நமக்கு நின்று வழிவிடும் என்ற நம்பிக்கையில், அப்ராக்காரன் எங்கள் மூக்குக்கு முன்னால் குறுக்கே வந்து கரைக்குப் போகப் பார்த்தான். எங்கள் தண்டல் எப்போதும் நின்று வழிவிடுகிறவர், அது அவனுக்கும் தெரியும். நான் மேலே பார்த்தேன். இப்போது குறைப்பார், இப்போது குறைப்பார் என்று பார்த்தேன். எஞ்சின் சத்தம் மாறவில்லை. அணியம் வலது பக்கம் திரும்பத் தொடங்கியது. எங்களுக்கும் கரைக் கல்லுக்கும் நடுவில் அப்ரா. ஆட்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். ஒரு பெண் குழந்தையை மார்போடு சேர்த்துக் குனிந்ததைப் பார்த்தேன்.

"தண்டல்! ரிவர்ஸ்! ரிவர்ஸ் எடுங்க!"

என் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. அந்த மனுஷனின் கையைத்தான் சொல்ல வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்காமல் ஒரே இழுப்பில் எஞ்சினைப் பின்னால் கொடுத்தார். படகு மொத்தமும் உதறியது. மேலே அடுக்கி வைத்திருந்த நாற்காலிகள் சரிந்து விழுந்தன. அப்ராவின் கூரைத் துணி எங்கள் அணியத்து டயரில் உரசிக் கிழிந்தது. நூலிழையில் வெளியே வந்துவிட்டான். அப்ராக்காரன் எழுந்து நின்று, மேலே பார்த்து, கையை நீட்டிக் கத்தினான்.

"அந்தா ஹை க்யா? அரே, அந்தா ஹை க்யா?"

குருடனா நீ என்று க்ரீக்கில் எல்லோரும் எல்லோரையும் திட்டுகிற திட்டுதான். ஒரு நாளைக்குப் பத்து தரம் கேட்போம், யாரும் சட்டை செய்ய மாட்டோம். அன்றைக்கு மட்டும் அது திட்டாகப் படவில்லை.

தண்டல் படகை வெளியே எடுத்து, வட்டமடித்து, மறுபடி உள்ளே கொண்டுவந்தார். நான் டயர் சொன்னேன். மூன்று, இரண்டு, ஒன்றரை. டயர் தொட்டது. குறுக்குக் கயிறு, முன்கயிறு, பின்கயிறு எல்லாம் கட்டினோம். ஒரு கீறல் இல்லை. எஞ்சின் நின்றது. வழக்கமாகக் கீழே இறங்கி வந்து கயிற்றை மிதித்துப் பார்க்கிறவர் வரவில்லை. நான் மேலே ஏறிப் போனேன்.

சுக்கானைப் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தார்.

"எதுக்குல ரிவர்ஸ் எடுக்கச் சொன்ன? அவன் யாரத் திட்டுதான்?"

"அப்ராக்காரன் தண்டல். நம்மளத்தான்."

"எந்த அப்ரா?"

கவனிக்கத் தாமதித்துவிட்டார் என்று நினைத்தேனே தவிர, அவருக்கு அப்படி ஒரு அப்ரா இருந்ததே தெரியாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. தூரத்தில் வந்தபோது அது அவர் கண்ணின் ஓரத்தில், கிட்டே வந்தபோது பந்தல் மறைத்துவிட்டது.

"எடது பக்கமா வந்தான். நல்லா தூரத்துலேருந்தே வந்தான். நமக்கும் கரைக்கும் நடுவுல மாட்டிக்கிட்டான்."

"ஆளு இருந்துச்சா அதுல?"

"நெறைய பேரு இருந்தாங்க."

"பிள்ளைக?"

நான் கரைப் பக்கம் பார்த்தேன். அவர் திரும்பி என் முகத்தை நேராகப் பார்த்தார். நேராகப் பார்த்தால் தெரியும் அல்லவா. "சொல்லுல" என்றார்.

"ஒண்ணு இருந்துச்சு. கைக்கொழந்த."

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் அப்போது அப்படித்தான் செய்தேன். "தண்டல், இன்னைக்கு சாயங்காலம் ஓட்டிடுங்க. நான் இருக்கேன்ல? ஒண்ணு விடாம நான் சொல்றேன். ஒரே ஒரு ஓட்டம். நாளைக்கு நீங்களே ஆபீசுக்குப் போயி கௌரவமா சொல்லிட்டு வந்துருங்க. இப்ப போன் பண்ணா ஓட்டத்தக் கெடுத்தான்னு தாறுமாறா பேசுவாங்க."

"பேசட்டும்" என்றார். என் கையை எடுத்துவிட்டார். "நீ தும்முனா? நீ இருமுனா? அந்த ஒரு நிமிசத்துக்கு அந்தப் பிள்ளைக்கு யாருல ஜவாப்பு?"

ஆபீசில் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. இவர் சொன்னது மட்டும் கேட்டது. "சேசுராஜ் பேசுதேன் சார். சாயங்காலத்துக்கு வேற ஆள் அனுப்புங்க... இல்ல சார், லீவு இல்ல. எனக்குப் பக்கத்துப் பார்வை இல்ல. இனிமே ஓட்ட மாட்டேன்." இதைச் சாதாரணமாக, கயிறு விடலாமா என்று கேட்கிற குரலிலேயே சொன்னார். வைத்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நின்றேன். சரிந்து கிடந்த நாற்காலிகளைப் போய் அடுக்கினேன்.

சாயங்காலம் கம்பெனியின் இன்னொரு படகிலிருந்து ஒரு கேப்டனை அனுப்பினார்கள். கொச்சிக்காரர், நல்ல மனுஷன். தண்டல் அவருக்கு எஞ்சினைப் பற்றி, சுக்கான் எந்தப் பக்கம் இழுக்கும் என்பதைப் பற்றி எல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டு இறங்கினார். ரூமுக்குப் போங்கள் என்றேன், போகவில்லை. விருந்தாளிகள் ஏறினார்கள், குழந்தைகள் மாடிப் படியில் ஓடினார்கள், பாட்டு தொடங்கியது. கயிறு அவிழ்க்கிற நேரம் வந்தது. கரையில் குற்றியிலிருந்து கடைசிக் கயிற்றைக் கழற்றி என் பக்கம் வீசியது தண்டல்தான். அந்த வேலையை அவர் என்றைக்கும் செய்ததில்லை. நான் கயிற்றை வாரிச் சுருட்டினேன். படகு சந்திலிருந்து மெல்ல வெளியே போனது.

வெளியே வந்ததும், பழக்கதோஷம், வாய் தானாகத் திறந்துகொண்டது. "இடது பக்கம் அப்ரா!"

"கண்டு சேட்டா, கண்டு! டயர் மாத்ரம் பறஞ்ஞா மதி" என்று மேலேயிருந்து பதில் வந்தது. பார்த்துவிட்டேன், பார்த்துவிட்டேன், நீ டயரை மட்டும் சொன்னால் போதும் என்கிறார்.

பார்க்கிற ஆள் மேலே நிற்கிறார். எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். கரையைத் திரும்பிப் பார்த்தேன். நாங்கள் அவருக்குப் பக்கவாட்டில் நன்றாகத் தள்ளிப் போய்விட்டோம். அவருக்கு நேர் எதிரே, எங்கள் படகைப் போலவே பல்பு சுற்றின வேறு ஏதோ ஒரு படகு போய்க்கொண்டிருந்தது. தண்டல் அதைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டு நின்றார்.